அத்தியாயம் 14: அம்மா இல்லாத வீடியோ

காலை ஏழே முக்காலுக்குப் பெரியவள் கேட்ட கேள்விக்கு எட்டு மணியாகியும் சின்னவள் பதில் சொல்லவில்லை. போன வாரம் அவர்களை அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம்.

கேள்வி இதுதான்: "வீடியோவைப் போடப் போறோம்னு அம்மாகிட்டக் கேட்டியா?"

சமையலறை மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் பெரியவள் ஒட்டிய பட்டியல். அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கத்தரி எத்தனை, பஞ்சு எத்தனை என்று எண்ணாமல் எந்த வேலையையும் தொடங்க மாட்டாள், முடிக்கவும் மாட்டாள். தங்கை செய்த செயலியின் வெளியீட்டு நாளுக்காக லீவு போட்டுவிட்டு வந்தவள், அதே கணக்காகப் பட்டியல் எழுதியிருந்தாள். படங்கள் ஐந்து. ஒரு வரி விளக்கம். முதல் கருத்து. யார் எத்தனை மணிக்கு யாருக்குப் பதில் எழுதுவது. எல்லாவற்றுக்கும் எதிரில் டிக். வீடியோவுக்கு எதிரில் மட்டும் பேனாவால் அழுத்திப் போட்ட ஒரு கேள்விக்குறி.

புதிதாக இந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சின்னவள் வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக ஒரு செயலி செய்திருக்கிறாள். பெயர் 'கேக்குதா'. போனை மேசை நடுவில் வைத்தால், சுற்றி உட்கார்ந்து பேசுகிறவர்களின் பேச்சு எழுத்தாக ஓடும். ஆளுக்கு ஒரு நிறம். காது மந்தமானவர்கள் படித்துக்கொண்டே பேச்சில் கலந்துகொள்ளலாம். இப்போதைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் வைத்திருக்கின்றன. ஆயிரம் குடும்பமாவது பயன்படுத்தினால் எங்கள் நோயாளிகளுக்கும் சொல்கிறோம் என்று பெரிய மருத்துவமனை ஒன்று வாக்குக் கொடுத்திருக்கிறது.

அந்த ஆயிரத்தை எட்டத்தான் இந்த ஏற்பாடு. புதுப் புதுக் கண்டுபிடிப்புகளை உலகத்துக்குக் காட்டும் இணையதளம் ஒன்று உண்டு. தினமும் ஐம்பது, அறுபது பேர் தங்கள் பொருளை அங்கே வரிசையில் நிறுத்துவார்கள். பார்க்கிறவர்கள் பிடித்ததற்கு ஓட்டுப் போடுவார்கள், கேள்வி கேட்பார்கள். நம் கடிகாரத்தில் பகல் ஒரு மணிக்கு வரிசை திறக்கும். மறுநாள் ஒரு மணிக்கு மூடும். முதல் பத்துக்குள் வந்தால் பல லட்சம் பேருக்குப் போகும் மின்னஞ்சலில் பெயர் வரும்.

"வீடியோ எடுக்கும்போது அம்மா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாங்க?" என்றாள் சின்னவள் கடைசியில்.

"டெஸ்ட்டுன்னுதானே சொன்னே?"

"டெஸ்ட்டுதான். ஆனா அது நல்லா வந்துடுச்சே அக்கா."

நன்றாக வந்ததில் பொய் இல்லை. நாற்பத்திரண்டு விநாடி. சாப்பாட்டு மேசை. அத்தான், பெரியவளின் கணவர், ஒரு ஜோக் சொல்கிறார். அம்மா மேசையில் இருக்கும் போனைப் படிக்கிறார். எல்லோரும் சிரிக்கிற அதே நொடியில் அம்மாவும் சிரிக்கிறார். காது கேட்காமல் போன இந்த மூன்று வருடத்தில் முதல் தடவை. அத்தான் பார்த்துவிட்டு இன்னொரு முறை போடச் சொன்னார்.

"நோயாளி கையெழுத்துப் போடாம நான் டாக்டர் கையில கத்தி எடுத்துக் கொடுத்ததில்ல," என்றாள் பெரியவள். "போய்க் கேட்டுட்டு வா."

"இப்பவா? ஸ்கூல்ல இருப்பாங்க."

"பத்தே காலுக்கு இன்டர்வெல். வண்டிச் சாவி கதவுக்குப் பக்கத்துல தொங்குது."

அம்மா கணக்கு டீச்சர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. காது கேட்காதது வீட்டில் இவர்களுக்கும் அத்தானுக்கும் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. காதுக் கருவியை வீட்டு வாசலில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் அம்மா பஸ் ஏறுவார்.

சின்னவள் போனபோது வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தூணோரம் நின்றாள்.

ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் ஒரு முக்கோணம். ஒரு பெண் கையைத் தூக்கினாள். அம்மா சாக்பீஸை நீட்டினார். அந்தப் பெண் எழுந்து வந்து பலகை ஓரத்தில், 'இரண்டாவது வரி எப்படி வந்தது?' என்று எழுதிவிட்டு நின்றாள். அம்மா படித்துப் பார்த்து விளக்கினார். அடுத்து ஒரு பையன். அவனும் எழுதினான். பலகையின் வலது ஓரம் முழுக்கக் கேள்விகள். பிள்ளைகளுக்கு இது டீச்சரின் முறை. கேள்வியை எழுதத் தெரிந்தால் பாதிக் கணக்குப் போட்ட மாதிரி என்று அம்மா அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் என்னவோ சொன்னான். வகுப்பே சிரித்தது. அம்மா திரும்பினார், நாலைந்து முகங்களைப் பார்த்தார், பிறகு தானும் சிரித்தார். அவன் சொன்னது என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. அது வெளியே நின்ற சின்னவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளாக அம்மா பள்ளியில் எப்படிச் சமாளிக்கிறார் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஆளில்லை. அங்கே போய் நின்றார்கள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. ஒரு வீடியோ..."

"என் முகத்தைப் பார்த்துப் பேசு. மெதுவா. இங்கே எனக்கு எழுத்து ஓடாது."

சின்னவள் போனை நீட்டினாள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு விநாடியும் பார்த்தார்.

"நல்லா இருக்கேன்," என்றார். "இதை எத்தனை பேர் பார்ப்பாங்க?"

"நிறையப் பேர் பார்க்கணும்னுதான்..."

"என் பிள்ளைங்க பார்ப்பாங்களா?"

"பார்க்கலாம்."

"ஹெட்மாஸ்டர்?"

"அவரும்தான்."

"வேண்டாம்," என்றார் அம்மா. கோபமாகக்கூட இல்லை. விடைத்தாளில் தப்பைச் சுழிக்கிற மாதிரி சொன்னார். "போன வருஷம் விளையாட்டு வாத்தியாருக்கு முட்டி போச்சு. முதல் வாரம் எல்லாரும் ஐயோ பாவம்னாங்க. மூணாவது வாரம் அவரைக் கொண்டுபோய் லைப்ரரியில உட்கார வெச்சுட்டாங்க. எனக்கு லைப்ரரி வேண்டாம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு வேணும்."

"சரிம்மா. எடுத்துடறேன்."

"என்னைப் பத்தி வேற என்ன எழுதியிருக்கே?"

செயலியைச் செய்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லும் 'முதல் கருத்து' தயாராக இருந்தது. பதினோரு தடவை திருத்தி எழுதியது. சின்னவள் கொடுத்தாள். அம்மா வாய்விட்டே படித்தார்.

"'என் அம்மா மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்...' யாரு? யாருடீ ஒதுங்கினது?"

"அம்மா, மெதுவா..."

"நீயும் உன் அக்காவும் அவ புருஷனும் பேசறதை என்னைக்காவது கேட்டிருக்கியா? ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர். பாதியில மூணாவது ஆள். நான் எங்கேயும் ஒதுங்கல. என்னை ஏத்திக்காம நீங்க வண்டியை எடுத்துட்டுப் போயிட்டீங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துத்தான் அம்மா அதைத் தெரிந்துகொண்டார். "அடுத்த வகுப்பு இருக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சின்னவள் வீடு திரும்பும்போது மணி பத்து ஐம்பது.

"வேண்டாம்னுட்டாங்க."

"சரி. எடுத்துடு," என்றாள் பெரியவள்.

"உனக்கு வருத்தமே இல்லையா?"

"இருக்கு. சாயங்காலம் உட்கார்ந்து வருத்தப்படலாம். இப்ப ரெண்டு மணி நேரம் இருக்கு. வீடியோ இல்லாமப் போகலாமா, நாள் தள்ளிப் போடலாமா, புதுசா எடுக்கலாமா?"

தள்ளிப் போடுவது நடக்கிற காரியமில்லை. பயன்படுத்துகிறவர்கள், தெரிந்தவர்கள் என்று முந்நூறு பேரிடம் இன்றைக்கு என்று தேதி சொல்லியாகிவிட்டது. சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா சொன்னதை வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். வண்டிக் கதை வரும்போது பெரியவளுக்கு முகம் சுருங்கியது.

"தப்பாவே எழுதியிருக்கேன் அக்கா," என்றாள் சின்னவள். "காது கேக்காதவங்களுக்கு உதவின்னு எழுதியிருக்கேன். உதவி தேவைப்படுறது நமக்குத்தான்."

சொல்லும்போதே தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தாள். ஒரு வரி விளக்கத்தை முழுக்க அழித்தாள். புதிதாக எழுதினாள்: 'வேகமாகப் பேசும் குடும்பங்களுக்கு.' முதல் கருத்திலிருந்து அம்மாவைப் பற்றிய வரிகளையும் எடுத்தாள்.

செயலியில் ஒரு குறை இருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். உடனே 'ஒருத்தர் ஒருத்தரா' என்று திரை முழுக்கப் பெரிதாக ஒரு வரி வந்து நிற்கும். அசிங்கமாக இருக்கிறது என்று அதை எந்தப் படத்திலும் காட்டாமல் இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தாள். இப்போது அதையே முதல் படமாக வைத்தாள்.

"வீடியோவுக்கு ரெண்டு பேர் சண்டை போடணும்," என்றாள்.

"அதுக்கென்ன, உன் அத்தானைக் கூப்பிடறேன்."

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒரு நாளைக்கு நூறு தடவை 'கிளட்ச், கிளட்ச்' என்று கத்துவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே கிளட்ச்தான். பதினொன்றே முக்காலுக்குத் தலையை வாரிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். சின்னவள் காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் பெரிய ஹெட்போனையும் மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள்.

முதல் தடவை அத்தான், "நாம் இன்று வாகனம் நிறுத்தும் முறை குறித்துப் பேசுவோம்," என்று ஆரம்பித்தார்.

"என்ன, நியூஸ் வாசிக்கிறீங்களா?" என்றாள் பெரியவள்.

இரண்டாவது தடவையும் அதே கதை. மணி பன்னிரண்டு இருபது. பெரியவள் கேமராவைச் சரி பார்ப்பது போல் குனிந்து, சாதாரணமாகக் கேட்டாள்: "ஆமா, போன மாசம் பார்க்கிங் தூணை இடிச்சது யாரு?"

"இடிச்சது நானா? நீ பக்கத்துல உட்கார்ந்து வா வான்னு சொன்னே!"

"வான்னு சொன்னேன், தூணுக்குள்ள வான்னா சொன்னேன்?"

"கண்ணாடியைப் பார்க்கும்போது பேசாதேன்னு எத்தனை தடவை..."

போனில் பச்சையும் நீலமும் முட்டி மோதின. 'ஒருத்தர் ஒருத்தரா' என்று திரை நிறைந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். வாயை மூடினார்கள். ஹெட்போன் மாட்டிய சின்னவள் திரையைப் படித்துவிட்டு, "அப்ப தூணை இடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

முப்பத்தெட்டு விநாடி. வெட்டவும் வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு வீடியோ ஏறியது. பெரியவள் பட்டியலில் கேள்விக்குறியை அடித்துவிட்டு டிக் போட்டாள்.

ஒரு மணிக்கு வரிசை திறந்தது.

இந்த விளையாட்டில் ஒரு விதி முக்கியம். ஓட்டுப் போடச் சொல்லி யாரையும் கேட்கக் கூடாது. வந்து பாருங்கள், குறை சொல்லுங்கள் என்று கேட்கலாம். முந்நூறு பேருக்கும் சின்னவள் அப்படித்தான் எழுதினாள். இரண்டு மணிக்கு முப்பத்தெட்டு ஓட்டு, பன்னிரண்டு கருத்து, ஏழாவது இடம். மூன்று மணிக்கு எண்பத்தொன்று. ஆறாவது இடம். எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் என்று எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். அக்கா கேள்விகளைப் படித்துச் சொல்ல, தங்கை பதில் எழுதினாள். யாருக்கும் பசிக்கவில்லை.

மூன்று பத்துக்கு எண் குதித்தது. எண்பத்தாறு, நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பத்து நான்கு. மூன்றாவது இடம்.

"அக்கா! அக்கா, பாரு!"

பெரியவள் பார்த்தாள். சந்தோஷப்படவில்லை. "பத்து நிமிஷத்துல அம்பத்தெட்டு பேரா? எங்கேயிருந்து?"

மூன்று இருபத்தைந்துக்கு முகப்புப் பக்கத்தில் 'கேக்குதா'வையே காணவில்லை. மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஒரே இடத்திலிருந்து, அப்போதுதான் தொடங்கிய கணக்குகளிலிருந்து சந்தேகத்துக்குரிய ஓட்டுகள் வந்திருக்கின்றன; விளக்கம் தரும்வரை உங்கள் பொருள் வரிசையில் நிற்காது.

பெரியவள் யோசிக்கவே இல்லை. போனை எடுத்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"பார்த்தீங்களா நம்பரை?" என்றார் அத்தான் உற்சாகமாக. "ரெண்டு பேட்ச்சு பசங்களையும் ரோடு சைன் கிளாஸ்ல உட்கார வெச்சு, ஆளுக்கொரு கணக்கு தொடங்க வெச்சு..."

"வீட்டுக்கு வாங்க."

கால் மணியில் வந்தார். வரும்போதே தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருந்தது, வாசலில் செருப்பைக் கழற்றவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். சின்னவள் அழவில்லை, கத்தவும் இல்லை. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"உள்ளது உள்ளபடி எழுதப் போறேன் அத்தான். உங்க பேச்சும் அதுல வேணும். நீங்களே சொல்லுங்க."

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுதும்மா. நான் இந்தப் பொண்ணோட அக்கா வீட்டுக்காரர். ஓட்டுப் போடச் சொன்னது நான்தான். இவளுக்குத் தெரியாது. அந்த அம்பத்தெட்டு பேரும் நிஜமான ஆளுங்க, என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிறவங்க. அவங்களைத் திட்டாதீங்க. பாதிப் பேருக்கு இன்னும் ஸ்டியரிங்கே பிடிக்கத் தெரியாது."

சின்னவள் அப்படியே எழுதினாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: அந்த ஐம்பத்தெட்டையும் நீக்கிவிடுங்கள், மற்றவர்கள் தாமாக வந்தவர்கள், அவர்களை விட்டுவிடுங்கள்.

நான்கு நாற்பதுக்குப் பதில் வந்தது. ஓட்டுகள் நீக்கப்பட்டன. பொருள் மறுபடி வரிசையில். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. கையில் இருப்பது எண்பத்தாறு. பதினான்காவது இடம்.

அத்தான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யாதீங்க," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அம்மா ஐந்தரைக்கு வந்தார். பையை வைத்தார், கருவியைக் காதில் மாட்டினார், முகம் கழுவினார். எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, புது வீடியோவைப் பார்த்தார். தூண் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு கருத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். அறுபதுக்கு மேல் இருந்தன. விடைத்தாள் கட்டை எடுத்தால் நடுவில் எழுந்திருக்காத பழக்கம், அப்படியே படித்தார்.

ஒரு லாரி ஓட்டுநர் எழுதியிருந்தார்: 'என் மனைவிக்கு ஆறு வருடமாகக் கேட்பதில்லை. நான் ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை என்று இன்றைக்குத்தான் தோன்றியது.'

அம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

அதற்குக் கீழே பதில் எழுதப்படாத கேள்வி ஒன்று இருந்தது. 'நான் பள்ளி ஆசிரியர். பின் வரிசைப் பிள்ளைகள் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பறையில் இது உதவுமா?'

சின்னவள் பதிலைப் பாதி தட்டச்சு செய்து வைத்திருந்தாள்: 'நிச்சயமாக! விரைவில்...'

"இதை அழி," என்றார் அம்மா. "நாப்பது பிள்ளைங்க பேச்சை இது தாங்காது. ஆறு பேருக்கு மேல போனாலே திணறுது. எனக்குத் தெரியாதா?"

"அப்ப என்னன்னு எழுதறது?"

"தள்ளு. நான் எழுதறேன்."

"என் கணக்குல எழுதும்மா."

"உன் கணக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணு தொடங்கு."

பெயர் கேட்டது. அம்மா முழுப் பெயரையும் அடித்தார், இனிஷியலோடு. தொழில் கேட்டது. 'கணித ஆசிரியை' என்று அடித்தார்.

பெரியவள் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "அம்மா, இதை யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஸ்கூல்ல தெரிஞ்சுடும்."

"தெரியும்."

"காலைல வேண்டாம்னு சொன்னியே," என்றாள் சின்னவள்.

"காலைல நீ என் முகத்தைக் கேட்டே. இப்ப ஒரு வாத்தியார் என்கிட்ட சந்தேகம் கேக்கிறார். பதில் தெரிஞ்சும் எப்படிச் சும்மா இருக்கறது?"

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அத்தான்கூட.

'எனக்கும் கேட்பதில்லை. மூன்று வருடமாக. வகுப்பறைக்கு இந்தச் செயலி இப்போதைக்கு உதவாது. நான் பிள்ளைகளைப் பலகைக்கு வந்து கேள்வியை எழுதச் சொல்கிறேன். கூச்சப்படுகிறவனும் எழுதுகிறான். ஆனால் அவர்கள் அடிக்கும் ஜோக்குகள் எனக்குப் போய்விடுகின்றன. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.'

அனுப்பு என்ற பொத்தானை அம்மாவே அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாளைக்கு முதல் மணிக்கு முன்னாடி ஹெட்மாஸ்டரைப் பார்க்கணும். வேற யாராவது போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்."

"நானும் வரட்டுமா?" என்றாள் பெரியவள்.

"எதுக்கு? நீ வந்தா நீதான் பேசுவே."

பக்கத்தில் மடிக்கணினியில் எண் மாறிக்கொண்டிருந்தது. நூற்று மூன்று. பன்னிரண்டாவது இடம். வரிசை மூட இன்னும் பத்தொன்பது மணி நேரம். ஹெட்மாஸ்டர் என்ன சொல்வார் என்று அந்த நான்கு பேரில் யாருக்கும் தெரியவில்லை.

அம்மா பையைத் திறந்து தன் போனை எடுத்தார். அதில் 'கேக்குதா' இதுவரை ஏறியதில்லை. ஸ்டாஃப் ரூமில் யாராவது எடுத்துப் பார்த்துவிட்டால் என்ற பயம். அதைச் சின்னவளிடம் நீட்டினார்.

"இதுல அதைப் போட்டுக் கொடு. நாளைக்கு அவர் மேசை மேல வைக்கப் போறேன்."